‘நெட் இல்ல’ன்னு சொல்றதுக்கு முன்னாடி

ஹாஸ்டல்ல ஒரு நாளைக்கு அதிகமா காதுல விழுற வாக்கியம் ரெண்டு. ஒண்ணு, “இன்னிக்கு மெஸ்ல என்ன?” இன்னொண்ணு, “நெட் இல்லடா!” முதல் கேள்விக்காவது பதில் உண்டு. ரெண்டாவது வெறும் புலம்பல். எது இல்ல, எங்க இல்ல, எப்போலருந்து இல்லன்னு யாரும் சொல்றதில்லை, யாரும் கேக்கறதும் இல்லை.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ஏழு லேயரையும் தூக்கத்துல கூட ஒப்பிக்கிற நாம, நம்ம ரூம்ல நெட் நின்னா மட்டும் எந்த லேயர்னு யோசிக்காம நேரா வார்டன் ஆபீஸுக்குப் போறோம். இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இந்தத் தப்பை 112 கையெழுத்தோட பண்ணினவன் நான்.

நடந்த கதை

போன செமஸ்டர். என் ரூம்மேட்டுக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட், சாயங்காலம் ஏழு மணிக்கு. லிங்க்கை அழுத்தினான். டேப்ல வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. வெள்ளைத் திரை. பக்கத்து ரூம்ல யூடியூப் ஜம்முனு ஓடுது, வாட்ஸ்அப்ல மெசேஜ் போகுது, இந்த ஒரு சைட் மட்டும் வரலை. மொபைல் ஹாட்ஸ்பாட் போடலாம்னு தோணுறதுக்குள்ள இருபது நிமிஷம் போச்சு. லாகின் நேரம் முடிஞ்சுது. கம்பெனிக்கு மெயில் போட்டான், பதிலே வரலை.

அடுத்த நாள் விசாரிச்சா, எங்க பிளாக்ல பல பேருக்கு இதே கதை. சில சைட் வருது, சில சைட் பாதியில நிக்குது. கோபம் வராம இருக்குமா? அன்னிக்கு ராத்திரியே நான் ஒரு மனு டைப் பண்ணினேன். ‘ஹாஸ்டல் இணைய வசதி முற்றிலும் செயலிழந்துள்ளது’ன்னு ஆரம்பிச்சு, ‘பொறுப்பில் உள்ளவர் திறமையற்றவர், அவரை மாற்ற வேண்டும்’னு முடிச்சேன். 112 பேர் கையெழுத்து போட்டாங்க.

அந்தப் ‘பொறுப்பில் உள்ளவர்’ எங்க நெட்வொர்க் அண்ணா. ரெண்டு பிளாக், நாலு மாடி, அத்தனை ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் ஒரே ஆள். கான்ட்ராக்ட் வேலை. மனு போன மறுநாள்லருந்து ரெண்டு நாள் அவரை ஹாஸ்டல் பக்கமே பார்க்கலை. “ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிக்கிறாங்களாம்”னு செக்யூரிட்டி சொன்னார். அப்போதான் வயித்துல ஏதோ பண்ணுச்சு. ‘முற்றிலும் செயலிழந்துள்ளது’ன்னு எழுதின அதே ராத்திரி நான் அதே வைஃபையில மேட்ச் பார்த்தேன்ங்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, என்னதான் ஆச்சுன்னு பார்ப்போம்னு லேப்டாப்பைத் திறந்தேன்.

டிரேஸ்ரூட்: அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஒரு டிக்கெட்

நம்ம நெட்வொர்க்ஸ் லேப்ல முதல் பயிற்சியே பிங், டிரேஸ்ரூட், டிசிபிடம்ப் மாதிரியான கமாண்டுகள்தான். ஆனா அதை எப்படி முடிச்சோம்? சீனியரோட ரெக்கார்டைப் பார்த்து அவுட்புட்டை அப்படியே எழுதினோம். மொத்த வகுப்பு ரெக்கார்டுலயும் ஒரே ஐ.பி., ஒரே மில்லிசெகண்ட். அறுபது பேரோட பாக்கெட்டும் என்னிக்கோ ஒரு நாள் ஒரே சீனியரோட லேப்டாப்லருந்து கிளம்பியிருக்கு! அதனால டிரேஸ்ரூட் எப்படி வேலை செய்யுதுன்னு இன்னொரு தடவை பார்த்துடலாம்.

ஒவ்வொரு ஐ.பி. பாக்கெட்லயும் டி.டி.எல்.னு எட்டு பிட்ல ஒரு எண் இருக்கும். வழியில ஒவ்வொரு ரூட்டரும் அதுல ஒண்ணைக் குறைக்கும். பூஜ்யம் ஆயிட்டா அந்த ரூட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு, ‘இதோட ஆயுள் என்கிட்ட முடிஞ்சுது’ன்னு அனுப்பினவருக்கு ஒரு ஐ.சி.எம்.பி. தகவல் அனுப்பும். பாக்கெட்டுகள் வழி தப்பி வட்டமடிச்சே கிடக்கக் கூடாதுங்கிறதுக்காக 1981ல எழுதின ஏற்பாடு இது.

இதையே திருப்பிப் போட்டா வழி தெரிஞ்சுடும். திருச்சிலருந்து சென்னை போற பஸ் எந்த ஊர் வழியா போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கோங்க. முதல் ஆளுக்கு ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் டிக்கெட் எடுத்து அனுப்பறீங்க. சமயபுரத்துல இறக்கி விட்டுடுவாங்க, அங்கிருந்து போன் பண்ணுவான். அடுத்த ஆளுக்கு ரெண்டு ஸ்டாப், பெரம்பலூர்லருந்து போன். அடுத்து உளுந்தூர்பேட்டை, அடுத்து விழுப்புரம். டி.டி.எல்.லை 1, 2, 3னு ஏத்திக்கிட்டே போய், ஒவ்வொரு ரூட்டரையும் ‘இங்க முடிஞ்சுது’ன்னு சொல்ல வைக்கிறதுதான் டிரேஸ்ரூட். வழக்கமா ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் மூணு பேரை அனுப்பும். அதான் ஒரு வரியில மூணு நேரம் வருது.

1988ல வான் ஜேக்கப்சன் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல இதை எழுதினார், ஸ்டீவ் டீரிங் சொன்ன யோசனையை வெச்சு. ஒரு ரூட்டிங் கோளாறைத் தேடி 48 மணி நேரம் தூங்காம உட்கார்ந்ததுல பிறந்த புரோகிராம்னு அதோட சோர்ஸ் கோட்லயே குறிப்பு இருக்கு. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1983 டிசம்பர்ல, மைக் மூஸ் பிங்கை எழுதினதும் ஒரு நெட்வொர்க் சரியா வேலை செய்யலைங்கிற கடுப்புலதான். நெட் சரியில்லாத ராத்திரிகள் அவங்களுக்கும் இருந்திருக்கு. அவங்க மனு எழுதலை, கருவி எழுதினாங்க.

நட்சத்திரம் சொன்ன சேதி

கதைக்கு வருவோம். விண்டோஸ்ல அந்த டெஸ்ட் சைட்டுக்கு டிரேஸ் போட்டேன். முதல் வரி, ஹாஸ்டல் கேட்வே. ரெண்டாவது, மெயின் கேம்பஸ் ரூட்டர். மூணாவதுலருந்து வரிசையா நட்சத்திரம். ‘பார்த்தியா, மூணாவது இடத்துல புட்டுக்கிச்சு’ன்னு ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனேன். அதுக்குள்ள கடைசி வரி வந்துடுச்சு: சர்வரே பதில் சொல்லுது!

இடையில ஒருத்தரும் பேசலை, ஆனா கடைசி ஆள் பேசறார். அப்படின்னா பாதை உயிரோட இருக்கு. அதே சைட்டுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்லருந்து டிரேஸ் போட்டேன். அங்க இடைப்பட்ட ரூட்டர்ல பாதிக்கு மேல பேசுச்சு. வித்தியாசம் எங்க இருக்குன்னு புரிஞ்சுது. விண்டோஸ் டிரேஸ் அனுப்புறது பிங் பாக்கெட். பிங்கோட பதில் எங்க கேம்பஸுக்குள்ள வருது, ‘ஆயுள் முடிஞ்சுது’ங்கிற தகவல் மட்டும் வரலை. அதாவது ஃபயர்வால்ல யாரோ பிங்கை மட்டும் விட்டுட்டு மத்த ஐ.சி.எம்.பி. எல்லாத்தையும் அடைச்சிருக்காங்க.

சரி, அதுக்கும் வெள்ளைத் திரைக்கும் என்ன சம்பந்தம்? இங்கதான் பாக்கெட்டோட அளவு வருது. ஈதர்நெட்ல ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். பிங்ல ‘துண்டு போடாதே’ங்கிற கொடியோட 1472 பைட் டேட்டா அனுப்பினேன். ஹெடர் 28 சேர்த்தா சரியா 1500. ‘துண்டு போட்டாத்தான் போகும்’னு ஹாஸ்டல் கேட்வேயே திருப்பி அனுப்பிடுச்சு. ஒவ்வொண்ணா குறைச்சுக்கிட்டே வந்தேன். 1448ல போச்சு. 1449ல போகலை. 1448ஓட 28 சேர்த்தா 1476. 1500ல 24 குறையுது. அந்த 24, ஜி.ஆர்.இ. டனல் போட்டா கூடுதலா வர்ற ஹெடரோட அளவு. முந்தின வாரம்தான் எங்க ஹாஸ்டலை மெயின் கேம்பஸ் வழியா டனல்ல இணைச்சிருக்காங்க.

இப்போ மொத்தப் படமும் தெரிஞ்சுது. சர்வர் நமக்கு 1500 பைட்ல பாக்கெட் அனுப்புது. மெயின் கேம்பஸ் ரூட்டர் அதை 1476 வாசல்ல நுழைக்க முடியாம, ‘பெருசா இருக்கு, சின்னதா அனுப்பு’ன்னு சர்வருக்கு ஐ.சி.எம்.பி.ல சொல்லுது. அந்தத் தகவலை ஃபயர்வால் விழுங்கிடுது. சர்வருக்கு விஷயமே தெரியாது. அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புது, அது திரும்பத் திரும்பத் தொலையுது. கனெக்‌ஷன் தொடங்கறப்போ போற பாக்கெட் எல்லாம் சின்னது, அதனால கை குலுக்கல் நல்லாவே நடக்கும். சர்வர் தன்னோட சர்டிஃபிகேட்டை அனுப்பற இடத்துல பாக்கெட் பெருசாகும், அங்க நின்னுடும். நமக்கு வெள்ளைத் திரை. யூடியூப் ஓடினது ஏன்? பிரவுசர்ல அது பெரும்பாலும் போறது குவிக் புரோட்டோகால் வழியா. அது பாக்கெட்டைக் கொஞ்சம் சின்னதாவே வெச்சுக்கும்.

உறுதி செய்ய ஒரே ஒரு சோதனை. லேப்டாப்ல எம்.டி.யூ.வை 1400 ஆக்கினேன். அப்படி வெச்சா ‘எனக்குச் சின்னதாவே அனுப்பு’ன்னு ஆரம்பத்துலயே சர்வருக்குச் சொல்லிடும். டெஸ்ட் சைட்டைத் திறந்தேன். பட்டுனு வந்துது.

நல்லா இருந்துச்சு. கூடவே ரொம்பக் கேவலமாவும் இருந்துச்சு. ஏன்னா அந்த சைட் வந்தப்போ என் ரூம்மேட் பக்கத்துலதான் படுத்திருந்தான்.

ரெண்டு டிரேஸ், பிங் அளவு, நேரம் எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதி எடுத்துக்கிட்டு நெட்வொர்க் அண்ணாவைத் தேடிப் போனேன். மனு எழுதினது நான்தான்னும் சொன்னேன். அவர் அதுக்கு ஒண்ணும் சொல்லலை. பேப்பரைப் படிச்சார். “டனல் போட்டதுலருந்து ஏதோ சரியில்லைன்னு எனக்கும் சந்தேகம்தான் தம்பி. ஆனா வர்ற கம்ப்ளைன்ட் எல்லாம் ‘நெட் இல்ல’ன்னுதான் வருது. போய் செக் பண்ணா நெட் இருக்கு. நான் என்னன்னு தேடறது?” அப்படின்னார். அன்னிக்கே டனல் ரூட்டர்ல ஒரு வரி சேர்த்தார், டி.சி.பி. பாக்கெட் அளவைத் தொடக்கத்துலயே குறைக்கச் சொல்லி. சரியாயிடுச்சு. ஃபயர்வால் விதியை மாத்த மட்டும் மேல கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, அது அவர் கையில இல்லை. நான் போய் மனுவை வாபஸ் வாங்கினேன். ரூம்மேட்டோட டெஸ்ட்டை வாபஸ் வாங்க முடியலை.

அரைகுறையா படிச்சா ஆபத்து

‘சரி, இனிமே டிரேஸ் போட்டு யார் மேல தப்புன்னு சொல்லிடலாம்’னு கிளம்பாதீங்க. டிரேஸ்ரூட்டைத் தப்பா படிக்கிறது, போடாமலே இருக்கறதை விட மோசம். நான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனேனே, ஞாபகம் இருக்கா?

நடுவுல நட்சத்திரம் வந்தா அந்த ரூட்டர் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அதுக்கு அப்புறம் ஒரு வரி பதில் வந்தாலே பாக்கெட் அதைத் தாண்டிப் போயிருக்குன்னுதான் அர்த்தம். அந்த ரூட்டர் பதில் சொல்ல விரும்பலை, அவ்வளவுதான்.

நடுவுல ஒரு வரியில மட்டும் 200 மில்லிசெகண்ட் வந்து, அடுத்த வரியில 30க்கு இறங்கினா, அங்க நெரிசல்னு முடிவு கட்டாதீங்க. பாக்கெட்டைக் கடத்தறது ரூட்டரோட முக்கிய வேலை. நமக்குப் பதில் எழுதறது அதுக்கு ஓய்வு நேர வேலை. ஏறின நேரம் கடைசி வரைக்கும் இறங்காம இருந்தா மட்டும் சந்தேகப்படுங்க. அப்பவும் தூரத்தைக் கணக்குல எடுங்க. கண்ணாடி இழையில வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போக வர, 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல. அப்படின்னா 30 மில்லிசெகண்ட் எந்த அண்ணாவோட தப்பும் இல்லை, இயற்பியல்.

இன்னொண்ணு, டிரேஸ் காட்டறது போற வழியை மட்டும்தான். பெரம்பலூர்ல இறங்கினவன் பண்ணின போன் எந்த டவர் வழியா வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. திரும்பி வர்ற பாதை வேறயா இருக்கலாம், கோளாறு அங்கயும் இருக்கலாம். கடைசியா பேசின ரூட்டர்தான் குற்றவாளின்னு சொல்லவே முடியாது. ‘இது வரைக்கும் போச்சு, இதுக்கு மேல தெரியலை’, அவ்வளவுதான் அது சொல்ற சாட்சி.

நான் கேக்கறது மூணு

முதல்ல, நம்மகிட்ட. ‘பீஸ் கட்டறோம், நெட் வேலை செய்யணும், கண்டுபிடிக்கறது நம்ம வேலையா?’ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. சரி பண்ற வேலை நம்மளது இல்லைதான். ஆனா டாக்டர்கிட்ட போய் ‘உடம்பு சரியில்லை’ன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிறோமா? எங்க வலிக்குது, எப்போலருந்துன்னு சொல்றோம்ல? புகாருக்கு முன்னாடி அஞ்சே நிமிஷம் இதைச் செய்யுங்க:

1. உங்க லேப்டாப்போட ஐ.பி.யைப் பாருங்க. 169.254ல ஆரம்பிச்சா உங்களுக்கு முகவரியே கிடைக்கலை, பிரச்சினை உங்க ரூம் பக்கத்துலயே இருக்கு.
2. கேட்வேக்கு பிங் பண்ணுங்க. அதுவே வரலைன்னா வைஃபை அல்லது வயர்.
3. 8.8.8.8க்கு பிங் பண்ணுங்க. அது வந்து, சைட்டோட பேர் மட்டும் வேலை செய்யலைன்னா டி.என்.எஸ். பக்கம் பாருங்க.
4. வராத சைட்டுக்கு ஒரு டிரேஸ், நல்லா வர்ற சைட்டுக்கு ஒரு டிரேஸ்.
5. மொபைல் டேட்டாவுல அதே சைட் வருதான்னு பாருங்க. அங்கயும் வரலைன்னா ஹாஸ்டலைத் திட்டாதீங்க. 2021 அக்டோபர் 4 ராத்திரி நம்ம நேரம் ஒன்பது மணி வாக்குல பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் படுத்துச்சு. அந்தக் கம்பெனி தன்னோட பாதைகளைத் தானே இணையத்துலருந்து எடுத்துடுச்சு. அன்னிக்கு ரூட்டரை அணைச்சுப் போட்டவங்கள்ல எங்க அப்பாவும் ஒருத்தர்.

அஞ்சையும் நேரம் போட்டு எழுதுங்க. அதுக்கு அப்புறம் மனு போடுங்க. முதல் கையெழுத்து நான் போடறேன்.

ரெண்டாவது, நெட்வொர்க்கை நடத்தறவங்ககிட்ட. ஐ.சி.எம்.பி.யை மொத்தமா அடைக்கிறது பாதுகாப்பு இல்லை. ‘வீட்டுக்குத் திருடன் வரலாம்’னு தபால்காரரையும் தடுக்கிற மாதிரி அது. எண்ணிக்கைக்கு வரம்பு வைங்க, தேவையில்லாத வகைகளை நிறுத்துங்க. ஆனா ‘பாக்கெட் பெருசு’, ‘ஆயுள் முடிஞ்சுது’ங்கிற ரெண்டையும் விடுங்க. முதலாவது இல்லாம சைட் திறக்காது. ரெண்டாவது இல்லாம ஏன் திறக்கலைன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

மூணாவது, லேப் நடத்தற சார், மேடம்கிட்ட. டிரேஸ்ரூட் அவுட்புட்டை ரெக்கார்டுல எழுதச் சொல்லாதீங்க. லேப்ல ஒரு கேபிளைப் பிடுங்கி விடுங்க, ஒரு டி.என்.எஸ். முகவரியைத் தப்பா மாத்தி விடுங்க, ஒரு மெஷின்ல எம்.டி.யூ.வைக் குறைச்சு விடுங்க. ‘என்ன கோளாறு, எப்படித் தெரியும்?’னு மட்டும் கேளுங்க. அந்த ஒரு மணி நேரத்துல கத்துக்கிறதை எங்களால சீனியர் ரெக்கார்டுலருந்து காப்பி அடிக்க முடியாது.

நெட்வொர்க் அண்ணா இப்பவும் எங்க ஹாஸ்டல்லதான் இருக்கார். போன வாரம் மூணாவது மாடியில நெட் போச்சு. நான் கீழ இறங்கறதுக்குள்ள ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் அவர் முன்னாடி போனோட நின்னுக்கிட்டு இருந்தான். “அண்ணா, கேட்வே வரைக்கும் வருது. அதுக்கு மேல போகலை. 9.40லருந்து.”

அண்ணா ஏணியை எடுக்கலை. நேரா சர்வர் ரூமுக்குப் போனார்.